காணொளியை ஒற்றை வரியில் வெட்டுதல்

எஃப்எஃப்எம்பெக், ஒலி, காணொளிக் கோப்புகளைக் கையாளும் இலவச மென்பொருள். பிரெஞ்சு நிரலர் ஃபாப்ரிஸ் பெல்லார் 2000ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். திரையில் பொத்தான் எதுவும் இருக்காது. கணினியின் கட்டளைச் சாளரத்தில் ஒரு வரி எழுதினால் வேலை நடக்கும்.

நீளமான பதிவில்தான் இதன் அருமை தெரியும். சிங்கப்பூரில் தைப்பூசக் காவடிகள் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு, டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலை அடைகின்றன. ஊர்வலம் இரவும் பகலும் தொடர்வதால் பதிவும் மணிக்கணக்கில் சேரும். ஒரு குடும்பத்துக்கு வேண்டியதோ தங்கள் வீட்டுக் காவடி வரும் மூன்றரை நிமிடம். 1:12:40 முதல் 1:16:10 வரை என்று வைத்துக்கொள்வோம்.

அதற்கான கட்டளை வரியில் 'எஸ்எஸ்' என்ற குறிக்குப் பின் தொடக்க நேரம், 'ஐ'க்குப் பின் மூலக்கோப்பு, 'டி'க்குப் பின் கால அளவு, கடைசியில் புதுக் கோப்பின் பெயர். நடுவில் 'சி காப்பி' என்று சேர்த்தால் தரவு அப்படியே நகலாகும். சில விநாடியில் முடிந்துவிடும், தரம் துளியும் குறையாது. 'டி'க்குப் பதிலாக 'டூ' போட்டு முடியும் நேரத்தைத் தருபவர்கள் பலமுறை ஏமாறுகிறார்கள். தொடக்க நேரம் மூலக்கோப்புக்கு முன்னால் இருந்தால் வெட்டும் இடத்திலிருந்து கணக்கு பூஜ்ஜியத்தில் தொடங்கும். 1:16:10 என்று பின்னால் கொடுத்தால் அவ்வளவு நீளத்துக்கு ஊர்வலம் வந்து சேரும்.

நகலெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. காணொளியில் முழுப்படமாகச் சேமிக்கப்படுபவை கீஃப்ரேம்கள் மட்டுமே. இடையிலுள்ள ஃபிரேம்கள் மாற்றங்களை மட்டும் குறித்துவைப்பதால் தனித்து நிற்கா. 1:12:40க்கு முந்தைய கீஃப்ரேம் 1:12:36இல் இருந்தால், துண்டு அங்கிருந்துதான் எடுக்கப்படும். கூடுதலான 4 விநாடியைச் சில இயக்கிகள் மறைத்துவிடும், சில காட்டிவிடும். இன்னும் சிலவற்றில் உருமி மேளம் கேட்கும், படம் அசையாது.

கேட்ட இடத்திலேயே வெட்ட வேண்டுமானால் 'காப்பி'யை நீக்கி மறுகுறியாக்கம் செய்ய வேண்டும். எக்ஸ்264 குறியாக்கியில் தரத்தைத் தீர்மானிப்பது 'சிஆர்எஃப்' எண். அதன் இயல்பு மதிப்பு 23. எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். 18 வைத்தால் மூலத்துக்கும் நகலுக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவது அரிது. மூன்றரை நிமிடத் துண்டுக்கு இது பெரிய சுமையுமல்ல. வீட்டில் பார்ப்பதற்கு மட்டும் என்றால், நாலு விநாடி முன்பே தொடங்குவதால் குடிமுழுகிவிடாது, நகலே போதும். இரண்டு முறையிலும் மூலக்கோப்பு மாறாமல் அப்படியே இருக்கும்.