பாரவண்டி ஓட்டப் புகும் இளைஞருக்கு

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை லாரி ஓட்டப் போகிறான் என்ற செய்தி ஒரு காலத்தில் சற்றுத் தாழ்ந்த குரலிலேயே சொல்லப்பட்டது. இன்று அவ்வாறில்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களின் வண்டிகளை நாட்டின் எந்த நெடுஞ்சாலையிலும் காணலாம். தாராவியிலும் தில்லியிலும் பெங்களூரிலும் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர் சிலரும் இத்தொழிலை விரும்பி ஏற்கின்றனர். வண்டியை ஓட்டும் வகையைப் பயிற்சிப் பள்ளி கற்பித்துவிடுகிறது. ஆனால் என்ன உடுப்பது, யாரிடம் எப்படிப் பேசுவது, பிறருடைய வாயிலில் எவ்வாறு நிற்பது என்பவற்றை எவரும் கற்பிப்பதில்லை. அவற்றைக் குறித்தே இங்குச் சில சொல்லப் புகுகின்றோம்.

சட்டத்தின் அடிப்படைகளை முதலில் விரைவாகச் சொல்லிவிடுவோம். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 20 வயது நிரம்பாதவர் சரக்கு வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டலாகாது. இலகு வாகன உரிமம் பெற்று ஓராண்டு கழிந்த பின்னரே சரக்கு வண்டிக்கான பழகுநர் உரிமம் கிடைக்கும். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்றிருந்த விதி 2019 இல் நீக்கப்பட்டது. எந்த மாநிலத்தில் பெற்ற உரிமமாயினும் அது இந்தியா முழுவதற்கும் செல்லும். ஆதலின், சேலத்தில் உரிமம் பெற்றவர் நாகபுரியில் வேலைக்குச் சேரத் தயங்க வேண்டுவதில்லை.

இனி உடையைப் பார்ப்போம். நம்மவருக்கு இதில்தான் முதல் இடறல் நேர்கிறது.

லுங்கி கட்டிக்கொண்டு லாரி ஓட்டுவது நம் நாட்டின் நெடுநாளைய வழக்கம். அதனைச் சோம்பல் என்று எள்ளுதல் முறையன்று. இயந்திரத்தின் வெப்பம் முழுவதும் ஏறிவரும் கூண்டுக்குள் பத்து மணி நேரம் அமர்ந்திருந்தவர்க்கே அதன் அருமை தெரியும். 2025 அக்டோபர் முதல் நாளிலிருந்து உருவாக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் கூண்டில் குளிர்சாதனம் இருத்தல் வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்துள்ளது. ஆயினும் சாலையில் ஓடும் பழைய வண்டிகள் எத்தனையோ!

லுங்கியைப் பற்றி 2019 இல் ஒரு பெருங்குழப்பம் எழுந்தது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். அவ்வாண்டு செப்டம்பரில், உத்தரப் பிரதேசத்தில் லுங்கியும் பனியனும் அணிந்து லாரி ஓட்டுவோர்க்கு 2,000 ரூபாய் தண்டம் விதிக்கப்படும் என்று செய்தி வெளியாயிற்று. முழுக்காற்சட்டையும் சட்டையும் மூடிய காலணியும் வேண்டும் என்றனர். சில நாட்களுக்குள், லுங்கிக்கோ, அரைக்கைச் சட்டைக்கோ, செருப்புக்கோ தண்டம் விதிக்கும் பிரிவு எதுவும் திருத்தப்பட்ட மத்தியச் சட்டத்தில் இல்லை என்று துறை அமைச்சரின் அலுவலகம் விளக்கம் தந்தது. நம்மவர் பலர் இந்த இரண்டாம் செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டு மகிழ்ந்தனர். ஆனால் மத்தியச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு, சரக்கு வண்டி உள்ளிட்ட போக்குவரத்து வண்டிகளின் ஓட்டுநர் அணிய வேண்டிய சீருடையைப் பற்றி விதி செய்யும் உரிமையை மாநில அரசுகளுக்கே அளித்துள்ளது. ஆகவே இந்த வழக்கம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்களைக் கடந்து செல்பவர் எல்லைக்கு எல்லை உடை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. எங்கும் குறை சொல்ல இயலாத உடையை அணிந்து செல்வதே வசதி.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் காரணங்கள் உண்டு. தளர்ந்த லுங்கியின் விளிம்பு கிளச்சு மிதியிலோ பிரேக்கிலோ சிக்கக்கூடும். உயரமான கூண்டிலிருந்து பின்புறமாக இறங்கும்போது படியில் மாட்டிக்கொண்டு விழுந்தவர்களை நாமே கண்டிருக்கிறோம். செருப்பின் தீங்கு இதனினும் பெரிது. காலிலிருந்து கழன்ற செருப்பு பிரேக்கு மிதிக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டால், எவ்வளவு அழுத்தினாலும் மிதி கீழிறங்காது. போர்க்காட்டு மலைச்சரிவில் முப்பது டன் பாரத்தோடு இறங்கும்போது அது நேர்ந்தால் என்னவாகும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. லுங்கியை ஓய்வு நேரத்திற்கு வைத்துக்கொள்ளலாம். இரவில் வண்டியை நிறுத்திப் படுக்கும்போது அதைப்போல் சுகமான உடை வேறில்லை என்பதே நம் கருத்தும்.

நமக்குத் தெரிந்த மும்பைத் தமிழ் இளைஞர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்குக் குறிப்பிடலாம். அவர் தனியே ஓட்டிச் சென்ற முதல் நடை அது. குஜராத்தில் ஒரு தொழிற்சாலைக்கு மூலப்பொருள் ஏற்றிச் சென்றார். சனிக்கிழமை பிற்பகல் வாயிலை அடைந்தபோது அவர் உடுத்தியிருந்தது லுங்கி. காலில் ரப்பர்ச் செருப்பு. காவலர் உள்ளே விட மறுத்தார். இளைஞர் வாதாடினார். வாதாடியதோடு நில்லாமல், தமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், தம் தந்தை வயதுடைய அக்காவலரை ‘தூ’ என்று விளித்துவிட்டார். அவ்வளவுதான்! பெட்டியில் இருந்த காற்சட்டையை எடுத்து மாற்றிக்கொண்டு வந்தபோதும் கதவு திறக்கவில்லை. ஞாயிறு விடுமுறை. திங்கள் நண்பகல்தான் பாரம் இறங்கிற்று. வண்டி காத்துக்கிடந்த நாட்களுக்குரிய தொகையைத் தொழிற்சாலை தர மறுத்தது. வண்டி உரிமையாளரோ அதனை இளைஞரின் பாட்டாவில் பிடித்துக்கொண்டார். முதல் நடையில் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஏறத்தாழ ஒன்றுமில்லை. அவருடைய தாயார் நம்மிடம் வந்து, "உடுப்புக்காகவா ஐயா கூலியைப் பிடிப்பார்கள்?" என்று கேட்டார். உரிமையாளர் செய்தது நியாயம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அன்று வாயிலை மூடியது உடுப்பு மட்டுமன்று என்று அந்த அம்மையாருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என்று இந்தியில் முன்னிலைக்கு மூன்று சொற்கள் உள்ளன. ‘நீ’க்கும் ‘நீங்க’ளுக்கும் உள்ள வேற்றுமையைத் தாய்ப்பாலோடு அறிந்த தமிழர்க்கு இது கடினமானதன்று. எனினும், தெருவில் தோழர்களிடம் கற்ற இந்தியில் முதலிரண்டு சொற்களே பழகிவிடுகின்றன. வாயிற்காவலர், எடைமேடை எழுத்தர், சுங்கச்சாவடிப் பணியாளர், போக்குவரத்துக் காவலர் ஆகிய நால்வரிடமும் ‘ஆப்’ என்றே பேசுக. பெயருக்குப் பின் ஒரு ‘ஜீ’ சேர்ப்பதனால் குறைந்துவிடுவது ஒன்றுமில்லை. மராட்டியத்தில் ‘தும்ஹி’, தெலுங்கில் ‘மீரு’, கன்னடத்தில் ‘நீவு’ என்பனவும் மதிப்புச் சொற்களே. இந்த ஒரு சொல்லை மட்டும் மொழிக்கு மொழி சரியாகக் கற்றுவிட்டால், மற்ற இலக்கணப் பிழைகளைப் பிறமொழியார் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்கின்றனர்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், எரிவாயு நிரப்பும் நிலையங்கள் ஆகியவற்றுக்குச் செல்வோர் உடையில் இன்னும் கவனமாயிருத்தல் வேண்டும். செயற்கை இழைத் துணி உராய்வினால் மின்னேற்றம் பெறும். அதிலிருந்து எழும் சிறுபொறி ஆவியைப் பற்றவைக்கப் போதுமானது. ஆதலின் அங்குப் பருத்தி உடையே தக்கது. தீப்பெட்டி, பீடி, கைப்பேசி ஆகியவற்றை வாயிலிலேயே ஒப்படைக்கச் சொல்வர். "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று சினங்கொள்ள அதில் இடமில்லை. இத்தகைய தீப்பற்றும் பொருள்களை ஏற்றிச் செல்ல, மூன்று நாள் தனிப்பயிற்சி பெற்று உரிமத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

தாடி, குடுமி, திருநீறு, தலைப்பாகை ஆகியவை பற்றிச் சிலர் நம்மைக் கேட்கின்றனர். இவை எவர்க்கும் தடையல்ல. குளித்து, துவைத்த உடை உடுத்தி, கூண்டையும் கண்ணாடியையும் துடைத்து வைத்திருந்தால் போதும். காகிதங்கள் ஓர் உறையில் ஒழுங்காக இருக்கட்டும். வண்டிப் பதிவு, காப்புறுதி, தகுதிச் சான்று, அனுமதிச் சீட்டு, மாசுச் சான்று, வடநாட்டார் ‘பில்டி’ எனும் சரக்கு ரசீது, மின்வழிச் சீட்டு ஆகியவற்றைக் கேட்டவுடன் எடுத்து நீட்டும் ஓட்டுநரைக் காவலர் விரைவில் விட்டுவிடுகின்றனர். மின்வழிச் சீட்டு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கிலேயே செல்லும். காலம் கடந்துவிடுமானால் வண்டியை நிறுத்திவைக்கக்கூடும். வழியில் தடை நேர்ந்தால் உடனே உரிமையாளருக்குத் தெரிவித்துக் காலத்தை நீட்டிக்கச் செய்க.

இக்காலக் கணக்கே பலரை உறக்கத்தைத் துறக்கத் தூண்டுகிறது. 1961 ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமே வேலை என்றும், ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஓய்வின்றித் தொடரலாகாது என்றும், அரைமணியேனும் இடைவேளை வேண்டும் என்றும் வகுத்தது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு அதன் இடத்தை ஏற்றது. சட்டம் மாறினாலும் உடல் மாறவில்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் கண் தானே மூடும். அந்நேரத்தில் தாபாவின் ஓரம் வண்டியை நிறுத்தி உறங்குபவரைக் கோழையென்று மூத்த ஓட்டுநர் சிலர் நகையாடுவர். நகையாடட்டும்.

மதுவைப் பற்றி ஒன்றே சொல்வோம். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பதே சட்டத்தின் வரம்பு. மீறினால் முதன்முறையே 10,000 ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும்.

எதிரே வண்டி வரும்போது விளக்கைத் தாழ்த்துவது, வழிவிட்டவருக்குக் கையுயர்த்தி நன்றி காட்டுவது, கிளீனரைப் பெயர் சொல்லி அழைப்பது, அவருக்குத் தம்மோடு அமர்ந்துண்ண இடமளிப்பது ஆகியவை எல்லாம் நாளடைவில் தாமே படிந்துவிடும். படியாதது ஒன்று உண்டு. அது விபத்து நேர்ந்தபோது செய்ய வேண்டியது.

அயல் மாநிலத்தில், மொழி தெரியாத ஊரில், வண்டி ஒருவர்மேல் மோதிவிட்டால் ஓட்டுநரின் முதல் எண்ணம் ஓடிவிடுவதே. கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்ற அச்சம் பொய்யன்று. சட்டமும் இதை அறிந்தே இருக்கிறது. 134 ஆம் பிரிவு, காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதை ஓட்டுநரின் கடமையாக்குகிறது. கூட்டத்தின் சீற்றத்தால் அது இயலாதபோது விலக்கும் அளிக்கிறது. ஆனால் காவல் நிலையத்தில் தெரிவிக்காமல் மறைந்துவிட அது இடந்தரவில்லை. கூடிய விரைவில், எவ்வாறாயினும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள நிலையத்தில் தெரிவித்தாக வேண்டும். பாரதிய நியாய சம்ஹிதை, மரணம் விளைவித்துவிட்டுத் தெரிவிக்காமல் ஓடியவர்க்குப் பத்தாண்டு வரை சிறை என்று வகுத்தபோது, 2024 சனவரியில் ஓட்டுநர்கள் பல மாநிலங்களில் வண்டிகளை நிறுத்திப் போராடினர். அவ்வாண்டு சூலை முதல் நாள் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அதனால் 134 ஆம் பிரிவின் கடமை குறைந்துவிடவில்லை.

ஆகவே, அவசர அழைப்புக்கு 112, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே ஒட்டி வைக்க. அதன் கீழே, "விபத்து நேர்ந்துவிட்டது; காயம்பட்டவருக்கு உதவி அனுப்புங்கள்; நான் காவல் நிலையத்துக்கு வருகிறேன்" என்னும் மூன்று வாக்கியங்களை, செல்லும் மாநிலங்களின் மொழியில், தமிழ் எழுத்திலேயே ஒருவரைக் கொண்டு எழுதி வாங்கிக்கொள்க. புறப்படும் முன் வீட்டாரையும் ஒருமுறை அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்க.