கறுப்பு அட்டையில் எம்பாசிங்: லைட் பாக்ஸ் ஏன் கைவிடுகிறது? வேறு என்ன வழி?

கல்யாணப் பத்திரிகையைக் கையாலேயே செய்துவிடலாம் என்று இறங்குபவர்களுக்கு முதலில் பிடித்துப்போவது டிரை எம்பாசிங்தான். மை வேண்டாம், சூடு வேண்டாம். ஸ்டென்சில் மேல் காகிதத்தை வைத்து, முனை உருண்ட ஸ்டைலஸால் பின்பக்கம் அழுத்தினால் முன்பக்கம் டிசைன் புடைத்துக்கொண்டு எழும். கோயில் சுவரில் பார்க்கும் புடைப்புச் சிற்பத்தின் காகித வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கை மாதிரி பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்க் கல்யாணம் என்றால் இன்னொரு ஆசையும் வரும். பத்திரிகை முகூர்த்தப் புடவை நிறத்திலேயே இருக்கணும்! அரக்கு, கறுப்பு, எம்.எஸ். நீலம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வீடியோவில் பார்த்தபடி லைட் பாக்ஸ் மேல் ஸ்டென்சில், அதன்மேல் அட்டை என்று வைத்தால்... ஒன்றுமே தெரியாது. மொபைல் டார்ச்சை அடியில் பிடித்தாலும் தெரியாது.

காரணம் எளிது. நாம் பிரின்ட் எடுக்கும் தாள் 70, 80 ஜி.எஸ்.எம். பத்திரிகை அட்டை 250, 300 ஜி.எஸ்.எம். அதாவது ஒரு சதுர மீட்டர் அட்டையின் எடை 300 கிராம். நார்கள் அவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருக்க, சாயமும் சேர்ந்துகொண்டால் வெளிச்சம் ஊடுருவ வழியில்லை. ஆனால் வெளிச்சம் என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். டிசைனின் ஓரம் எங்கே என்று காட்டுகிறது, அவ்வளவுதான். புடைக்க வைப்பது உங்கள் கை அழுத்தம். ஓரம் எங்கே என்று வேறு வழியில் தெரிந்துகொண்டால் லைட் பாக்ஸே தேவையில்லை.

முதல் வழி வெள்ளைப் பென்சில். வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் ஸ்டென்சிலை வைத்து வெள்ளைப் பென்சிலால் டிசைனை வரைந்துவிடுங்கள். ஸ்டென்சிலின் எதிரெதிர் மூலைகளை ஒட்டி இரண்டு குண்டூசித் துளை போடுங்கள். இப்போது ஸ்டென்சிலைத் திருப்பாமல், அப்படியே அட்டைக்கு அடியில், அதாவது முன்பக்கத்துக்குக் கொண்டுபோய், துளைக்கு மூலையைப் பொருத்தி டேப் ஒட்டிவிட்டால் மேலே கோடு, கீழே பள்ளம், இரண்டும் ஒரே இடத்தில். முதலில் பெரிய முனையால் மெதுவாகத் தேய்த்தால் ஓரம் விரலுக்கே தட்டுப்படும். பிறகு சின்ன முனையால் அந்த ஓரத்தை இறுக்கலாம். ஊசித்துளை ஓரத்தைக் கடைசியில் வெட்டிவிடுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும்: முன்பக்கம் டிசைன் இடவலம் மாறித் தெரியும். பெயரெழுத்து என்றால் பின்பக்கம் தலைகீழாகத்தான் வரைய வேண்டும். நான் முதல் அட்டையை வீணாக்கியது இங்கேதான்.

ஸ்டைலஸ் வழுக்காமல் அட்டையைக் கீறினால், பின்பக்கம் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம். பசை பூச வேண்டிய இடத்தில் மட்டும் வேண்டாம், மெழுகின் மேல் பசை பிடிக்காது.

இரண்டாவது வழி ரோலர் மெஷின். மேடும் பள்ளமும் எதிரெதிரே பொருந்தும் இரு தகடுகளுக்கு நடுவே அட்டையை வைத்து உருட்டுவது. இதில் எதையும் பார்க்க வேண்டியதே இல்லை. தடித்த அட்டை என்றால் மேலும் கீழும் வைக்கும் பலகைகளில் ஒன்றைக் குறைக்க வேண்டும். இறுக்கம் அதிகமானால் டிசைன் ஓரமாகவே அட்டை அறுந்துவிடும்.

*எந்த அட்டை வாங்குவது?*

இதுதான் முக்கியம், பலரும் கவனிக்காததும் இதுதான். சென்னை ஆண்டர்சன் தெருவுக்குப் போனாலும் சரி, உள்ளூர்க் கடையானாலும் சரி, சாம்பிள் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் பாருங்கள். உள்ளேயும் கறுப்பாக இருந்தால் வாங்கலாம். உள்ளே வெள்ளையாக இருந்தால் மேலே மட்டும் நிறம் ஏற்றியது. அழுத்தும்போது மேல்பூச்சு விரிந்து வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும்.

பட்ஜெட் இருந்தால் பருத்தித் துணிக் கழிவில் செய்யும் கைத்தாள் நல்ல தேர்வு. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடம் 1959லிருந்து இயங்குகிறது. மெஷின் அட்டையில் மர நார்கள் குட்டையானவை, பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். கைத்தாளில் பருத்தி நார் நீளமானது, எல்லாத் திசையிலும் பின்னிக்கிடக்கும். அதனால் இழுத்தால் கொஞ்சம் நீளும், சட்டென்று கிழியாது.

எந்த அட்டையானாலும் ஈரம் உதவும். பின்பக்கம் ஸ்பிரேயால் ஒரு தூவல், சில நிமிடப் பொறுமை. தண்ணீர் நார்களுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்துகிறது. காயும்போது புதிய வடிவத்திலேயே நார்கள் மறுபடி இறுகிக்கொள்ளும். அடர்நிற அட்டையில் சாயம் கசியலாம், தண்ணீர்த் திட்டு விழலாம். துண்டு ஒன்றில் சோதித்துவிட்டு இறங்குங்கள். பளபள மேல்பூச்சு உள்ள அட்டையில் இந்த வித்தை எடுபடாது.

டிசைனைப் பொறுத்தவரை, புடவைக் கரையிலிருந்து எடுப்பதென்றால் ருத்ராட்சமும் மயில்கண்ணும் வட்டமானவை, அழகாக எழும்பும். கோபுரக் கரையின் கூர்முனைகளில் அட்டை கிழிய வாய்ப்பு அதிகம், முனையைக் கொஞ்சம் மழுக்கிவிடுங்கள். யாளியின் பிடரி, பல் எல்லாம் 300 ஜி.எஸ்.எம்.மில் வரவே வராது. ஆசைப்படாதீர்கள்.

*புடைத்தது... ஆனால் தெரியவில்லையே?*

எம்பாசிங் கண்ணுக்குத் தெரிவதே நிழலால்தான். கறுப்பில் நிழல் எப்படித் தெரியும்? ஓரிக்கை மணிமண்டபத்தின் கருங்கல் சிற்பங்களைக் காலைச் சாய்வெயிலில் ஒருமுறை, உச்சிவெயிலில் ஒருமுறை பாருங்கள், புரியும். போட்டோ எடுக்கும்போதும் விளக்கைப் பக்கவாட்டில், தாழ வையுங்கள். நேரில் கையில் எடுப்பவருக்கும் தெரிய வேண்டுமென்றால் மேட்டின் மேல் மட்டும் வெள்ளைச் சாக்கோ தங்கநிறப் பொடியோ லேசாக ஒற்றலாம். எழுத்தாணியால் ஓலையில் கீறிவிட்டு, எழுத்து தெரிவதற்காக விளக்குக்கரி பூசினார்களே, அதே கணக்கு. அவர்கள் பள்ளத்தை நிரப்பினார்கள், நாம் மேட்டைத் தொடுகிறோம்.

இதெல்லாம் பெரிய வேலை என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி. அதே நிறத்தில் 150 ஜி.எஸ்.எம். அளவிலான தாளில் எம்பாஸ் செய்து, அதைத் தடித்த அட்டையில் ஒட்டிவிடுங்கள். பசை ஓரத்தில் மட்டும். முழுக்கப் பூசி அமுக்கினால் பட்ட பாடெல்லாம் தட்டையாகிவிடும்.

வெளிச்சமே இல்லாமல், பின்பக்கத்திலிருந்து, இடவலம் மாற்றி, கூர்முனையால் அழுத்தி எழுதுவது புதிய விஷயம் இல்லை. பிரெயில் எழுத்தைச் சிலேட்டில் எழுதுவது அப்படித்தான். சிறுவயதிலேயே பார்வையிழந்த லூயி பிரெயில் 1824இல், தன் 15 வயதில், ஆறு புள்ளிகளில் அதை உருவாக்கினார். தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. ஒரு புள்ளியின் உயரம் சுமார் அரை மில்லிமீட்டர்தான்.

உங்கள் விருந்தினர் பட்டியலில் பார்வையற்ற நண்பர் இருந்தால், பத்திரிகையின் உள்தாளில் மணமக்கள் பெயரையும் தேதியையும் பிரெயிலில் சேர்க்கலாம். அடர்நிறமா, வெள்ளையா என்பது அங்கே பிரச்சினையே இல்லை. 300 ஜி.எஸ்.எம். சிலேட்டுக்கு ரொம்பத் தடிமன், 150 போதும். எழுதியதை பிரெயில் தெரிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுத்துச் சரிபார்த்த பிறகே ஒட்டுங்கள். பத்திரிகைகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், அடியில் இருப்பதன் புள்ளிகள் அமுங்கிவிடும். நிற்கவைத்து, பெட்டியில் போடுங்கள்.