துத்தநாகத்துக்குப் புளி ஆகாது

செல்லாக்காசு – 9

போன வாரம் இரண்டரை ரூபாய் நோட்டைப் பார்த்தோம். முதல் உலகப் போரின் வெள்ளித் தட்டுப்பாட்டில் 1918-ல் பிறந்து, 1926-ல் விடைபெற்ற நோட்டு. இந்த வாரம் வெளியே எங்கும் போகவில்லை. ராமகுப்பத்தில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்த ஒரு ஜெர்மன் காசுதான்.

எங்கள் சின்னத்தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். குப்பத்தில் ரயிலேறி, பெங்களூர் அல்சூர் முகாமில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்குப் பாலம் கட்டப் போனார். திரும்பி வந்தபோது அவர் மூட்டையில் ஒரு கம்பளியும் ஒரு தகர டப்பாவும் இந்தச் சாம்பல் நிறக் காசும் இருந்தன. காசு எப்படிக் கைக்கு வந்தது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. போரைப் பற்றிக் கேட்டால், "அங்க குளிரு ஜாஸ்திப்பா" என்பார். அதோடு சரி.

அதே மதராஸ் சாப்பர்ஸில் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர் சுபேதார் சுப்பிரமணியன் இருந்தார். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தன் உடம்பைப் போட்டு, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிரை விட்டார். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். இந்தக் காசு வந்ததும் அந்தப் போர்முனையிலிருந்துதான். கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

பத்து ரைஷ்பென்னிக், 1941, துத்தநாகக் காசு. குறுக்களவு 21 மில்லிமீட்டர், எடை மூன்றரை கிராம் வாக்கில். ஒரு பக்கம் கழுகு, அதன் காலடியில் வளையத்துக்குள் நாஜிகளின் சின்னம். மறுபக்கம் பெரிய எழுத்தில் 10, கீழே ஓக் இலைகள், பொடியாக ஒரு 'ஏ'. அது பெர்லின் அக்கசாலையின் அடையாளம். 'டி' என்றிருந்தால் மியூனிக், 'எஃப்' ஸ்டுட்கார்ட், 'ஜே' ஹாம்பர்க். 'பி' இருந்தால் வியன்னா. 1938-ல் ஆஸ்திரியாவை விழுங்கிய பிறகு அந்த ஊர் அக்கசாலையும் ஹிட்லர் கைக்குப் போனது. ஒற்றை எழுத்தில் ஒரு நாடு பறிபோன கதை இருக்கிறது.

என் காசில் கழுகு சரியாகத் தெரியாது. காரணம் நான். பன்னிரண்டு வயதில் ஒரு ஆயுத பூஜைக்கு அத்தை குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் காசு மேல் பூத்திருந்த வெள்ளைப் பொடி போகட்டும் என்று புளியை அப்பி ஊறவைத்துவிட்டேன். பித்தளையும் செம்பும் புளிக்குப் பளபளக்கும். துத்தநாகத்தை அமிலம் தின்றுவிடும். கழுவிப் பார்த்தால் கழுகின் ஒரு சிறகு மழுங்கி, மேலெல்லாம் பொத்தல் பொத்தலாக இருந்தது. அத்தை திட்டவில்லை. "உங்க சின்னத்தாத்தா பாத்தா வருத்தப்படுவாருடா" என்றார். திட்டியிருக்கலாம்.

காசு சேர்க்கிற பிள்ளைகளுக்கு அதனால் கெஞ்சிச் சொல்கிறேன்: போர்க்காலக் காசைத் தேய்க்காதீர்கள். ஈரம் படாமல், ஓரத்தைப் பிடித்து எடுத்து, காகித உறையில் வையுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுவென்று காசில் ஒட்டிக்கொள்ளும். அந்த மங்கல் அழுக்கல்ல. போரின் கணக்கே அந்த உலோகத்தில்தான் இருக்கிறது.

செம்பு தோட்டாவுக்கும் பீரங்கிக் குண்டுக்கும் வேண்டும். நிக்கல் கவச எஃகுக்கு வேண்டும். முதல் உலகப் போரிலேயே ஜெர்மனி ஐந்து, பத்து பென்னிக் காசுகளை நிக்கல் கலவையிலிருந்து இரும்புக்கு மாற்றியது. ஒரு பென்னிக் செம்பிலிருந்து அலுமினியமானது. 1917-ல் பத்து பென்னிக் துத்தநாகத்திலும் வந்தது. அந்தக் கால இரும்புக் காசைக் கண்டுபிடிக்கக் காந்தம் போதும், லபக்கென்று ஒட்டும். இரண்டாம் போரில் 1940 முதல் சில்லறை மறுபடி துத்தநாகத்துக்கு இறங்கியது. மக்கள் கையிலிருந்த ஐம்பது பென்னிக் காசுகூட அலுமினியம்தான், ஊதினால் பறக்கிற கனம். வானொலியில் வெற்றிச் செய்தி எவ்வளவு உரக்க வந்தாலும், ரொட்டி வாங்கப் போன பெண்ணின் உள்ளங்கைக்குத் தட்டுப்பாடு தெரிந்திருக்கும்.

சந்தையில் ஹிட்லர் முகம் போட்ட 'அசல் ஜெர்மன் காசு' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அவர் முகத்தோடு புழக்கத்துக்கு ஒரு காசும் வரவில்லை, தபால்தலைகளில்தான் வந்தது. வெள்ளிக் காசில் இருந்த முகம் ஹிண்டன்பர்க்குடையது.

இன்னொன்று. நாஜிச் சின்னம் உள்ள காசை வீட்டில் வைக்கலாமா என்று வாசகர்கள் கேட்கிறார்கள். நம் வீட்டு வாசலிலும் புதுக்கணக்கு நோட்டிலும் போடுகிற ஸ்வஸ்திகா வேறு; லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்ற ஆட்சியின் முத்திரை வேறு. நான் வைத்திருக்கிறேன். ஆனால் சட்டமிட்டுச் சுவரில் மாட்டமாட்டேன். இந்தக் காசை விலை பேசுபவர்களின் குரலில் அந்தச் சின்னத்தின் மேல் ஆசை தெரிந்தால் பெட்டியை மூடிவிடுவேன்.

அதே டிரங்குப் பெட்டியில் பாட்டியின் சுருக்குப்பை ஒன்று. அதற்குள் ஏழு ஓட்டைக் காலணா. எங்கள் பக்கம் அதை அரைஞாணில் கோத்துக் குழந்தைக்குக் கட்டினார்கள், போல்ட்டுக்கு வாஷராகவும் போட்டார்கள். 1943-ல் அந்தக் காசு வந்ததும் செம்பை மிச்சம் பிடிக்கத்தான். முந்தைய காலணாவின் எடையில் பாதிகூட இல்லை. நடுவில் துளை விழுந்ததால் ராஜாவின் தலைக்கு இடமில்லாமல், கிரீடம் மட்டும் மேலே ஏறிக்கொண்டது. ரூபாயும் தப்பவில்லை. பதினாறு பங்கில் ஏறக்குறைய பதினைந்து பங்கு வெள்ளியாக இருந்தது, 1940-ல் சரிபாதியாகக் குறைந்தது. அணாக்கள் 1942-ல் பித்தளை நிறத்துக்கு மாறின. பெர்லின் சில்லறைக்கு வந்த நோய்தான் ராமகுப்பம் சந்தைக்கும் வந்தது. ஒன்றை ஒன்று சுட்டுக்கொண்ட இரண்டு அரசுகளும் ஏழையின் முந்தானை முடிச்சிலிருந்துதான் உலோகத்தை எடுத்தன.

நேற்று ராத்திரி இரண்டையும் மேசைமேல் வைத்துப் பார்த்தேன். ஓட்டைக் காலணாவும் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர்தான். ஜெர்மன் காசின்மேல் அதை வைத்தால் விளிம்போடு விளிம்பு பொருந்துகிறது. துளை வழியாகக் கழுகின் மழுங்கிய மார்பு சாம்பல் நிறத்தில் தெரிகிறது.

(தொடரும்)