2 டிபி என்று அச்சிட்டிருந்தால் போதுமா?

தேனி அல்லிநகரத்தில் கல்யாணம் முடிந்தால் ஸ்டுடியோக்காரர் ஆல்பத்தோடு ஒரு பென் டிரைவும் தருகிறார். மினி பஸ்ஸில் ஓடும் பாட்டு, கடையின் கேமராப் பதிவு, திருவிழா ரேடியோ செட்டின் பக்திப் பாடல் எல்லாம் மெமரி கார்டுக்கும் பென் டிரைவுக்கும் குடியேறிவிட்டன. விலை இறங்கியதே காரணம். 2000-இல் விற்பனைக்கு வந்த தொடக்ககாலப் பென் டிரைவ்கள் 8 எம்பிதான் கொள்ளும். இரண்டு எம்பி3 பாட்டுக்கே சரியாகப் போகும். 2019-இல் 1 டிபி மைக்ரோ எஸ்டி கார்டு வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய 450 டாலர். இன்று '2 டிபி' என்று அச்சிட்ட பென் டிரைவைச் சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கிறார்கள்.

விலை இறங்கியது உண்மை; இந்த அளவுக்கு இறங்கவில்லை.

ஒவ்வொரு கார்டிலும் நினைவகச் சில்லோடு, அதை ஆளும் சிறு கன்ட்ரோலரும் உண்டு. எவ்வளவு இடம் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். அதன் மென்பொருளை மாற்றிவிட்டால் 32 ஜிபி சில்லையே 2 டிபி என்று சொல்லவைக்கலாம். முதல் 32 ஜிபி வரை எந்தக் குறையும் தெரியாது. அதற்குமேல் ஏற்றுபவை பழைய கோப்புகளின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாது. கோப்பின் பெயரும் அளவும் மட்டும் பட்டியலில் இருக்கும். என்றைக்காவது திறந்து பார்க்கும்போதுதான் குட்டு உடையும்.

மோசடி இல்லாத சரக்கிலும் தரம் ஒன்றல்ல. ஒரு நினைவக அறையில் முன்பு ஒரு பிட் வைத்தார்கள்; இப்போது மூன்று, நான்கு வைக்கிறார்கள். மலிவானதற்கு இது முக்கியக் காரணம். ஆனால் ஒரு பிட் அறையைச் சுமார் 1 லட்சம் முறை அழித்து எழுதலாம் என்றால், நான்கு பிட் அறை சுமார் ஆயிரம் முறைதான் தாங்கும். இரவு பகலாகப் பதிவாகும் சிசிடிவி கேமராவில் சாதாரணக் கார்டு சீக்கிரம் படுத்துவிடுவது இதனால்தான்.

பீரோவில் பூட்டி வைத்தாலும் ஆபத்து உண்டு. அறைகளில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். வெயில் அதை வேகப்படுத்தும். இதே வகை நினைவகம் கொண்ட வீட்டுக் கணினியின் எஸ்எஸ்டி, எழுதும் ஆயுள் தீர்ந்த நிலையில், 30 டிகிரி வெப்பத்தில், மின்சாரமின்றி ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்கிறது மின்னணுத் தர அமைப்பான ஜெடெக்கின் தரவிதி.

புதிய கார்டை முழுக்க நிரப்பிச் சோதியுங்கள். இதற்கான மென்பொருள்கள், விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3, இலவசமாகக் கிடைக்கின்றன. விநாடிக்கு 10 எம்பி வேகத்தில் 64 ஜிபி எழுத ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். படித்துப் பார்க்கத் தனி நேரம். 64 ஜிபியை விண்டோஸ் 59 என்று காட்டினால் பதற வேண்டாம். அது கணக்கிடும் முறையின் வேறுபாடு.

பில் கேட்டு வாங்குங்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஆணையம் பணத்தைத்தான் வாங்கித் தரும், போன வீடியோவை அல்ல. ஆகவே இன்னொரு பிரதி எடுத்து, அதைத் திறந்து ஓட்டிப் பார்க்கும் வரை மூலத்தை அழிக்காதீர்கள்.