காசுக்குள் ஒளிந்திருக்கும் காரீயம்

ஆங்கிலோ-சாக்சன் மன்னர்கள் இங்கிலாந்தை ஆண்ட காலத்து வெள்ளிப் பென்னி ஒன்று உங்கள் உள்ளங்கையில் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மெல்லிய தகடு, எடை ஏறத்தாழ 1.3 கிராம். மெர்சியா நாட்டை 757 முதல் 796 வரை ஆண்ட ஆஃபா மன்னன் காலத்தில் பரவிய காசு இது. 240 பென்னி ஒரு பவுண்டு என்ற பழங்கணக்கு பிரிட்டனில் 1971 வரை நீடித்தது. காசின் பின்புறத்தில் அதை அடித்தவனின் பெயர் இருக்கும். 973-ஆம் ஆண்டையொட்டி எட்கார் மன்னன் செய்த சீர்திருத்தத்திற்குப் பின் ஊர்ப் பெயரும் சேர்ந்துகொண்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு தொழிலாளியின் பெயரைக் கையில் பிடிக்கலாம் என்பதனாலேயே பலர் இக்காசுகளைத் தேடிச் சேர்க்கிறார்கள்.

சரி, அது நல்ல வெள்ளிதானா? ஆர்க்கிமிடீஸ் முறை உங்கள் நினைவுக்கு வரலாம். வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம், செம்பினுடையது 8.96. தூய வெள்ளியாலான 1.3 கிராம் காசை நீரில் அமிழ்த்தினால் அது 124 மில்லிகிராம் எடை இழக்கும். நூற்றில் ஏழரைப் பங்கு செம்பு கலந்திருந்தால் இழப்பு 125.5 மில்லிகிராம். இரண்டுக்கும் வேறுபாடு ஒன்றரை மில்லிகிராம்தான்! காசில் ஒட்டிய ஒரு காற்றுக் குமிழி போதும், கணக்கைக் கெடுத்துவிட. பெருங்கலப்படத்தைக் கண்டுபிடிக்க இம்முறை உதவும். நுட்பமான முடிவுக்கு உதவாது.

எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, காசு திருப்பி வீசும் கதிர்களைக் கொண்டு தனிமங்களை அறியும் முறையும் உண்டு. காசுக்குச் சேதமில்லை. ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. நெடுங்காலம் மண்ணில் கிடந்த காசின் மேற்படலத்திலிருந்து செம்பு கரைந்து வெளியேறிவிடும். எஞ்சுவது வெள்ளி மிகுந்த தோல். ஆகவே கருவி காட்டும் விகிதம் உள்ளிருப்பதைவிட உயர்வாகவே இருக்கும்.

இவற்றைவிடச் சுவையான கேள்வி ஒன்று உண்டு. இந்த வெள்ளி எங்கிருந்து வந்தது? அதற்கு விடை சொல்வது வெள்ளியன்று, காரீயம்.

பண்டை நாளில் வெள்ளியைப் பெரும்பாலும் காரீயத் தாதுவிலிருந்தே பிரித்தார்கள். உலையில் காற்றூதிக் காய்ச்சும்போது காரீயம் ஆக்சைடாக விலகும், வெள்ளி தங்கும். எவ்வளவு முயன்றாலும் சிறிது காரீயம் உள்ளேயே நின்றுவிடும். அந்தக் காரீயத்தில் 204, 206, 207, 208 என நான்கு நிறையெண் கொண்ட ஐசோடோப்புகள் இருக்கின்றன. பின் மூன்றும் யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் பெருகுபவை. தாது உருவான காலமும் பாறையின் தன்மையும் மாறுபடுவதால் இவற்றின் விகிதம் சுரங்கத்திற்குச் சுரங்கம் வேறுபடும். கைரேகை போன்றது எனலாம். ஆனால் இரண்டு சுரங்கத்து வெள்ளியை ஒன்றாக உருக்கிவிட்டால் ரேகைகளும் கலந்துவிடும். எனவே சுவடாக உள்ள தங்கத்தின் அளவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

2024-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தின் 49 காசுகளை லேசர் கதிரால் கண்ணுக்குத் தெரியாத அளவு சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். முடிவு எதிர்பாராதது. 660-க்கும் 750-க்கும் இடைப்பட்ட காசுகளின் வெள்ளி பைசாந்தியப் பேரரசிலிருந்து வந்தது! அப்படியானால் புது வெள்ளி கப்பலேறி வந்ததா? பல ஆண்டுகளுக்கு முன்பே வடமேற்கு ஐரோப்பாவுக்கு வந்து, பிரபுக்களின் வீடுகளில் இருந்த தட்டுகளையும் கிண்ணங்களையும் உருக்கியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. 1939-இல் சட்டன் ஹூவில் கிடைத்த பெரிய வெள்ளித் தட்டில் பைசாந்தியப் பேரரசர் முதலாம் அனஸ்தாசியஸின் முத்திரைகள் இருப்பதை இங்கே நினைக்கலாம். அது உருக்கப்படாமல் மண்ணுக்குள் தப்பியது. 750-க்குப் பிந்திய காசுகளிலோ பிரான்சின் மேற்கேயுள்ள மெல் சுரங்கத்து வெள்ளி கலந்து மிகுகிறது.

இவ்வளவு சொல்லும் காசும், தான் எங்கே, எவற்றோடு கிடந்தது என்பதைச் சொல்லாது. அதைக் கண்டெடுத்தவர்தான் சொல்ல வேண்டும். பிரிட்டனின் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரண்டு வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தாலே 14 நாட்களுக்குள் அறிவித்தாக வேண்டும். உரிய பரிசுத் தொகையும் உண்டு.

2015-இல் ஹெரிஃபோர்ட்ஷயரில் உலோகங்காட்டிக் கருவியுடன் சென்ற இருவர் சுமார் 300 காசுகள் கொண்டதாகக் கருதப்படும் வைக்கிங் காலப் புதையலைக் கண்டனர், மறைத்தும் விட்டனர். அவற்றில் சில, வெசெக்ஸின் ஆல்ஃபிரெட், மெர்சியாவின் இரண்டாம் கியோல்வுல்ஃப் ஆகிய இரு மன்னரும் ஒரே வடிவில் வெளியிட்டவை; பின்புறத்தில் இரு பேரரசர்கள் அருகருகே அமர்ந்திருப்பர். ஆல்ஃபிரெட் காலத்து வரலாற்றுக் குறிப்பு கியோல்வுல்ஃபை வைக்கிங்குகளின் கைப்பாவையாகத் தள்ளிவிட்டது. காசுகளோ இருவரும் கூட்டாளிகளாய் இருந்ததைக் காட்டுகின்றன. 2019-இல் அவ்விருவரும் தண்டிக்கப்பட்டபோது மீட்கப்பட்டிருந்தவை 31 காசுகள் மட்டுமே. புதையல் முதலில் எப்படி இருந்தது என்பதற்கு எஞ்சிய சான்று, கைப்பேசியிலிருந்து அழிக்கப்பட்டுப் பின்னர் காவல்துறை மீட்டெடுத்த புகைப்படங்கள்தாம்.