சொல்லாமல் போன சொல்!
கணிப்பொறியின் திறவுகோல் தொலைந்தால் என்ன செய்வது?

காஞ்சீபுரத்திலிருந்து வேலூர் போகும் சாலையில், பாலுசெட்டி சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருப்புட்குழி. "புள்" என்றால் பறவை. ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த தலம் இது என்பது ஐதீகம்.

சிறகு அறுபட்டு விழுந்த ஜடாயு, இராமன் வரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். சீதையைத் தூக்கிச் சென்றவன் இராவணன் என்று சொன்னார். அதன் பிறகே கண்ணை மூடினார்.

சொல்லாமலே போயிருந்தால்?

நார்வே நாட்டில் ஒருவர் அப்படிச் சொல்லாமலே போய்விட்டார்!

அங்கே ஐவர் ஆசென் என்ற மொழி அறிஞரின் பெயரால் ஒரு நிலையம் இருக்கிறது. ரெய்டார் டியூபெடால் என்ற பேராசிரியர் சேர்த்து வைத்த ஏராளமான நூல்கள் அந்த நிலையத்துக்கு வந்தன. அவற்றின் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றி, ஒரு கடவுச்சொல்லால் பூட்டி வைத்தார் ஒருவர். அந்தச் சொல் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் இறந்துவிட்டார். நூல்கள் அலமாரியில் இருந்தன. பட்டியலோ பூட்டுக்குள்!

2002-ஆம் ஆண்டு நிலையத்தார் உலகத்தாரிடம் உதவி கேட்டார்கள். "கெட்டிக்காரர்கள் யாராவது திறந்து தாருங்கள்" என்றார்கள். சில மணி நேரத்தில் விடை வந்தது. கடவுச்சொல் என்ன தெரியுமா? பேராசிரியரின் பெயரேதான்! எழுத்துகளைக் கடைசியிலிருந்து திருப்பி எழுதியிருந்தார்கள். "கமலா" என்பதை "லாமக" என்று எழுதுவது போல.

மாவும் அரிசியும்

சர்வர் என்றால் ஓட்டலில் இட்லி கொண்டு வருபவர் என்று நினைக்க வேண்டாம். இதுவும் கேட்டதைக் கொண்டு வந்து கொடுக்கும் கணிப்பொறிதான். வங்கிக் கணக்கு, ரெயில் டிக்கெட், ஊராட்சி வரவு செலவு எல்லாம் இப்படிப்பட்ட பொறிகளில் இருக்கின்றன. அதன் நிர்வாகிக்கு ஒரு கடவுச்சொல் உண்டு. அதை மறந்தால், பொறியையே கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் அதற்கும் தெரியாது!

ஆம். நன்றாக அமைந்த சர்வர் கடவுச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. அரிசியை மாவாக அரைப்பது போல் அரைத்து, மாவை மட்டும் வைத்துக்கொள்ளும். நாம் சொல்லைத் தட்டியதும் அதையும் அரைக்கும். இரண்டு மாவும் ஒன்றானால் கதவு திறக்கும். மாவைத் திரும்ப அரிசியாக்க முடியுமா? முடியாது. திருடன் உள்ளே நுழைந்தாலும் சொல் கிடைக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

அப்படியானால் வழி? பழைய சொல்லைத் தேடாமல் புதிய சொல்லைப் போடுவதுதான். பொறி இருக்கும் அறைக்கே போக வேண்டும். அதை நிறுத்தி, வேறொரு தட்டிலிருந்து இயக்க வேண்டும். அப்போது பொறி தன் வழக்கமான காவல்காரனை எழுப்பாது. பழைய மாவை எடுத்துவிட்டுப் புது மாவை வைக்கலாம். விஷயம் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. சர்வர் அறைக் கதவுக்கு நல்ல பூட்டு ஏன் வேண்டும் என்று இப்போது புரிகிறதல்லவா?

ஆனால் உள்ளே இருக்கும் தகவலையே சங்கேத எழுத்தாக மாற்றி வைத்திருந்தால் இந்த வித்தை பலிக்காது. சங்கேதத்தின் திறவுகோல் போனால் தகவலும் போயிற்று. ஸ்டெஃபான் தாமஸ் என்ற கணிப்பொறி வல்லுநர் 7,002 பிட்காயின் நாணயங்களின் திறவுகோலை அப்படி ஒரு சிறு கருவியில் பூட்டி, கடவுச்சொல்லை மறந்துவிட்டார். பத்து முறை தவறினால் கருவி தன்னைத்தானே மூடிக்கொள்ளும். 2021-இல் செய்தி வந்தபோது எட்டு முறை முடிந்திருந்தது!

சிறைக்குப் போன மேயர்

மறதி ஒரு வகை. பிடிவாதம் இன்னொரு வகை. 2008-இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில், நகராட்சியின் கணிப்பொறி வலையை நிர்வகித்த டெர்ரி சைல்ட்ஸ், மேலதிகாரிகளுக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்க மறுத்தார். கைது செய்தார்கள். அப்போதும் சொல்லவில்லை. வலை வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஆளத்தான் ஆளில்லை! கடைசியில் மேயர் கேவின் நியூசம் சிறைக்கே நேரில் போனார். அவரிடம் மட்டும் சொன்னார் சைல்ட்ஸ். 2010-இல் அவருக்கு நான்கு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

உறையில் வைத்தால் போதுமா?

கடவுச்சொல்லை எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து, பொறுப்பான இன்னொருவரிடம் கொடுப்பது பல அலுவலகங்களில் உள்ள வழக்கம். நல்ல வழக்கந்தான். ஆனால் சொல்லை மாற்றும்போதெல்லாம் உறையையும் மாற்ற வேண்டும். அந்தச் சொல் திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடவும் வேண்டும்.

பூரி ஜகந்நாதர் கோயில் ரத்ன பண்டாரத்தின் உள்ளறைச் சாவி 2018 ஏப்ரலில் காணவில்லை. ஒடிசா முழுவதும் பரபரப்பு. ஜூனில், கலெக்டர் அலுவலக ஆவண அறையில் ஓர் உறையில் மாற்றுச் சாவிகள் கிடைத்தன. எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். 2024 ஜூலை 14-ஆம் தேதி அந்தச் சாவிகளை எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டில் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் திறக்கவில்லை. பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனார்கள்.