மேம்பாலம் ஏறியும் கணக்கில் வராதது ஏன்?

சென்னை லஸ் கார்னரிலிருந்து மந்தைவெளி, திரு.வி.க. பாலம், அடையாறு வழியாக ஈசிஆர் வரை இருவர் சேர்ந்தே சைக்கிள் ஓட்டுகிறார்கள். வீடு திரும்பியதும் ஒருவர் திரையில் ஏறிய உயரம் 35 மீட்டர், மற்றவருக்கு 110 என்று வரலாம். இரண்டு கருவியும் பழுதில்லை. கணக்குப் போடும் முறைதான் வேறு.

விலை கூடிய சைக்கிள் கம்ப்யூட்டர்கள் காற்றழுத்தத்தை வைத்து உயரம் பார்க்கின்றன. கடலோரத்தில் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், சுமார் 8 மீட்டர் ஏறியதாக அர்த்தம். சிறு மேட்டையும் இது பிடித்துவிடும். வம்பு என்னவென்றால், நம் ஊர்க் காற்றழுத்தம் தானாகவே ஏறி இறங்கும். வெப்ப மண்டலத்தில் அது அதிகாலை 4 மணிவாக்கில் தாழ்ந்து, காலை 10 மணிவாக்கில் உச்சம் தொட்டு, மாலை 4 மணிக்குள் மறுபடி தாழும். வித்தியாசம் ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல், அதாவது 25 மீட்டர். விடியுமுன் கிளம்பிப் பத்து மணிக்குத் திரும்புபவரின் வீடு கடல்மட்டத்துக்குக் கீழே போயிருக்கும். பத்து மணிக்கு மேல் வெயிலில் ஓட்டுபவருக்கோ ஏறாத ஏற்றம் இனாம்!

அழுத்தமானி இல்லாதவர்களுக்கு வரைபடத்தின் உயரமே கதி. பல இணையதளங்கள் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் அளந்த தரவை நம்புகின்றன. சுமார் 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரே உயரம். அதிலும் ரேடார் பார்த்தது தார் ரோட்டை மட்டுமல்ல, மரத்தலைகளையும் மொட்டைமாடிகளையும் சேர்த்துத்தான். கிண்டி காட்டை ஒட்டிச் சமதளத்தில் போனாலும் மேடுபள்ளம் முளைக்கும். தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையில் முக்கி மூச்சுவாங்கி மேலே வந்தாலோ அதற்குக் கணக்கே இல்லை. 2025-ல் திறந்த ஜெ.அன்பழகன் மேம்பாலம் அந்தத் தரவில் எப்படி இருக்கும்?

உண்மையான குளறுபடி கூட்டலில் இருக்கிறது. ஏற்றத்தை மட்டும் கூட்டி, இறக்கத்தைக் கழிக்காமல் விடுவதால், ஒரு மீட்டர் தடுமாற்றம்கூடச் சேர்ந்து சேர்ந்து மலையாகும். அதைத் தடுக்க ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வரம்பு வைக்கிறது. ஸ்ட்ராவா செயலியின் விதிப்படி, அழுத்தமானித் தரவு இருந்தால் 2 மீட்டர், இல்லாவிட்டால் 10 மீட்டர் தொடர்ந்து ஏறினால்தான் சேர்த்தி. சென்னையின் சாதாரண மேம்பாலம் ஆறேழு மீட்டர்தான். இரண்டாவது விதியில் அவ்வளவும் பூஜ்யம்.

ஜிபிஎஸ் தரும் திருத்தாத உயரம் இன்னும் வேடிக்கை: மெரினாவில் நின்றால் கழித்தல் எண்பது மீட்டருக்கும் கீழே காட்டும். இலங்கைக்குத் தெற்கே கடலில் புவியீர்ப்பு குறைந்து, கடல்மட்டமே நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருப்பதன் நீட்சி அது. ஆனால் வழி நெடுக ஏறக்குறைய ஒரே அளவு பிழை என்பதால் ஏற்றக் கணக்கை அது தொடுவதில்லை.

கருவியைச் சோதிக்க வேண்டுமானால் பரங்கிமலைக்குப் போகலாம். 1802-ல் நில அளவையாளர் லாம்ப்டன் இந்தியாவை அளந்த தன் பெரும் அளவைக்கு அடிக்கோடு போட்ட இடம். சுமார் 300 அடி உயரம், ஒரே மூச்சில் ஏற்றம். அங்கே இரண்டு திரைகளுக்கும் இடையே பெரிதாகச் சண்டை வராது.